கேள்வியில்தான் பிழை

பிலோமினா மிஸ்ஸி மோசம் போய்விட்டார், நாளைக்கு அடக்கம் என்று வங்காலையிலிருந்து அவரது மகள் தொலைபேசியில் சொன்னபோது, ஒரு கர்ப்பிணிக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்து முடித்துத்தான் எழுந்தேன். இடையில் எழுந்திருந்தால் அவரே ஏசியிருப்பார்.

சண்டை ஓய்ந்து மீள்குடியேற்றம் தொடங்கிய நாட்களில், தகரக் கூரை போட்ட எங்கள் சிற்றாசுபத்திரியின் மகப்பேற்று விடுதிக்கு அவர்தான் பொறுப்புத் தாதி. நான் அவருக்குக் கீழே புதுத் தாதி. கொழும்பிலிருந்து சிகிச்சை வழிகாட்டி வந்தது. கர்ப்பிணியிடம் என்ன கேட்பது, எப்போது மருந்து ஏற்றுவது என்று நாடு முழுவதற்கும் ஒரே தாள். நாங்களென்றால் சுவரில் ஒட்டிவிட்டு மறந்திருப்போம். மிஸ்ஸி ஒரு வரி விடாமல் நடைமுறைப்படுத்தினார்.

ஒருநாள் வெள்ளாங்குளத்திலிருந்து நிறைமாதக்காரி ஒருத்தி வந்தாள். தாளில் உள்ளபடி "வலி இருக்குதோ?" என்று கேட்டேன். "இல்லை மிஸ்ஸி" என்றாள். கோடு போட்டுவிட்டு, வரிசையில் இருக்கச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் வலி என்றால் கைகால் இழுக்கும் வலிப்பு. உடம்பு நொந்தால் நோ, தலை நொந்தால் தலையிடி. இங்கேயே பிறந்த எனக்கு அது உறைக்கவில்லை. அச்சில் வந்ததை வாசிக்கிற மிதப்பு.

அவ்வழியால் போன மிஸ்ஸி, அவள் நெற்றியைப் பொத்திக்கொண்டிருந்ததைக் கண்டு நின்றார்.

"பிள்ளை, தலையிடிக்குதோ?"

"ஓம் மிஸ்ஸி. விடியத்தொட்டு. கண்ணும் மங்குது."

பிரஷர் உச்சத்தில் நின்றது. இன்னும் சற்று விட்டிருந்தால், இல்லை என்றாளே, அந்த வலி வந்தே இருக்கும். மிஸ்ஸி டொக்டரை அழைப்பித்து, வழிகாட்டியில் உள்ளபடியே மருந்து ஏற்றுவித்து, அம்புலன்சில் தானே கூடப் போனார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

திரும்பி வந்தபோது, அழுதுகொண்டு நின்ற என்னை அவர் ஏசவில்லை. தாளில் 'வலி'யை வெட்டி, 'தலையிடி, நோ' என்று எழுதினார். விடுதிப் புத்தகத்தில் "கேள்வியில்தான் பிழை" என்று எழுதி ஒப்பமிட்டார். என் பெயரை எழுதவில்லை.

மேற்பார்வைக்கு வந்த அதிகாரி கொதித்தார். "தேசிய வழிகாட்டியில கை வைக்க நீங்கள் ஆர்?"

"வழிகாட்டியை நான் மாத்தேல்லை சேர். அது எங்கட சனத்துக்கும் உதவவேணும் எண்டுதான் கேள்வியை மாத்தினனான். எழுதிக் கேளுங்கோ, பதில் எழுதித் தாறன்."

அதிகாரிகளைக் கண்டால் கை கட்டி நிற்கப் பழகியிருந்தவர்கள் நாங்கள். அந்தத் துணிவை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அதிகாரி எழுதிக் கேட்டார்; மிஸ்ஸியின் பதில் கொழும்புக்குப் போனது. சில வருடங்களின் பின் வந்த வழிகாட்டியின் புதிய பதிப்பில் 'தலையிடி' என்றே அச்சாகியிருந்தது. அவர் பெயர் எங்கும் இல்லை. ஓய்வு பெற்றிருந்த மிஸ்ஸியிடம் அதைக் கொண்டு ஓடினேன். கண்ணாடி போட்டு முழுவதையும் வாசித்தார். சந்தோசப்படுவார் என்று காத்திருந்தேன். "பேனையைத் தாரும்" என்றார். இன்னொரு சொல்லும் எங்கள் சனத்துக்கு விளங்காதாம்.

அவர் வெட்டித் திருத்திய அந்தத் தாளை அனுப்பத் துணிவில்லாமல் அலுமாரியில் வைத்திருந்தேன். அடக்கம் முடிந்த மறுநாள் கொழும்புக்கு அனுப்பிவிட்டேன். போய் வாருங்கள் மிஸ்ஸி. இம்முறை யாராவது கொதித்தால், எழுந்து பதில் சொல்ல நான் இருக்கிறேன்.