வடம் புடிக்க மாட்டோம்னு சொன்ன நாள்

எனக்கு வாய் நீளம்னு ஊரே சொல்லும். சொல்லட்டும். அந்த வாய்தான் ஒரு நாள் என் தாலியைக் காப்பாத்திச்சு. ஆனா அதைச் சொல்லிச் சந்தோசப்பட எனக்கு இன்னைக்கு வரைக்கும் முடியலை.

யுத்தம் முடிஞ்சும் கூப்பன் கடையில கேப்பைக்கு வரிசையில நின்ன காலம் அது. மழை பேருக்குக்கூட இல்லை. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவுல எந்தப் புஞ்சையைப் பார்த்தாலும் கிணறு வெட்டு. மேல கரிசல், அதுக்குக் கீழ சுக்கான்கல்லு, அதுக்கும் கீழ கடப்பாரைக்கு மசியாத பாறை. அந்தப் பாறைக்கு வேட்டு வைக்கிறதுதான் எங்க வீட்டுக்காரரு வேலை. கம்பியால துளை போட்டு, கரிமருந்தைத் திணிச்சு, திரியைப் பத்த வச்சுட்டு, "இழு"ன்னு சத்தம் கொடுப்பாக. மேல உருளையில ஓடுற வடத்தை நாங்க நாலு பொம்பளைக பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுப்போம். கிணத்துல படி கிடையாது. ஆளை இறக்குறதும் நாங்கதான், ஏத்துறதும் நாங்கதான்.

அன்னைக்கு நாலு வேட்டு வச்சுட்டு மேல வந்தாக. எல்லாரும் தள்ளிப் போயி உக்காந்து எண்ணினோம். மூணுதான் கேட்டுச்சு. நாலாவதுக்காகக் காத்துக் கிடந்தோம். புகை அடங்கிருச்சு, சத்தத்தைக் காணோம்.

வேட்டு வெடிக்கலைன்னா அன்னைக்கு யாரும் கிணத்துல இறங்கக்கூடாது. குடம் குடமாத் தண்ணியை ஊத்தி, ராப்பூரா ஊறவிட்டு, மறுநாள்தான் துளையைத் தொடணும். எங்க ஆளுக வழக்கம் அது. எங்க வீட்டுக்காரரு போயி புஞ்சைக்கார மொதலாளிகிட்ட அதைத்தான் சொன்னாக.

மொதலாளிக்குப் பொறுக்கலை. பக்கத்துப் புஞ்சைக்காரருக்கு முந்தின வாரந்தான் தண்ணி கண்டிருந்துச்சு. அந்த வயித்தெரிச்சல் வேற. "ஏம்ப்பா, தண்ணி இல்லாமத்தான கிணறு வெட்டுறோம்? வேட்டுக்கு ஊத்த நான் தண்ணிக்கு எங்க போறது? இறங்கி அந்த மருந்தை நோண்டி எடுத்துட்டு வா"ன்னாரு. சுத்தி நின்னவுகல்லாம் சிரிச்சாக. குடிக்கிற தண்ணிக்கே வெயில்ல நடந்து சாகுற ஊரு, சிரிக்க மாட்டாகளா? எங்க வீட்டுக்காரரு தலையைக் குனிஞ்சு நின்னாக. "பயமா இருந்தா பொண்டாட்டி வளையலை வாங்கிப் போட்டுக்க"ன்னாரு மொதலாளி.

அம்புட்டுத்தான். மனுசன் விறுவிறுன்னு வந்து வடத்துச் சுருக்குக்குள்ள காலை விட்டுட்டாக. நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டாக. ஒருக்கா இல்லை, மூணு தடவை போட்டாக. மனுசனுக்குப் பயம் இருக்கு, அதைச் சொல்ல நாக்கு வரலை பாவம்.

"புடிங்க"ன்னாக.

நான் வடத்தைத் தரையில போட்டு, அது மேலயே சப்பணங்கொட்டி உக்காந்துட்டேன். "நான் புடிக்க மாட்டேன்."

"ஏ புள்ள, எந்திரி. வீம்பு பண்ணாத."

"எந்திரிக்க மாட்டேன். உங்களுக்குப் பயம் இல்லைன்னே வச்சுக்கிருவோம். எனக்கு இருக்கு. உங்களை இறக்கப்போறது என் கைதான?"

என் கொழுந்தன் பொண்டாட்டி என்னையப் பார்த்தா. அவளும் கையை எடுத்துட்டா. மத்த ரெண்டு பேரும் முந்தானையில கையைத் தொடைச்சுக்கிட்டு ஒதுங்கிட்டாக. இப்ப எந்த ஆம்பளை இறங்குவான்? மொதலாளி வாயில வராத வார்த்தையெல்லாம் வந்துச்சு. "பொட்டச்சி பேச்சைக் கேக்குறவனுக்கு என் கிணத்துல வேலை இல்லை"ன்னு விரட்டி விட்டுட்டாரு.

கம்பியையும் சட்டியையும் தூக்கிக்கிட்டு ஊருக்குத் திரும்பினோம். எங்க ஊரு அந்தப் புஞ்சையில இருந்து கூப்பிடு தூரந்தான். வழியில ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாக. "நாலு பேரு முன்னால என் மானத்தை வாங்கிட்டியேடி." போகட்டும், அந்த மானத்தை வச்சு நான் என்ன கஞ்சியா காய்ச்சப்போறேன்னு நெனைச்சேன். ராத்திரி அவுக சாப்பிடலை.

மறுநா காலையிலயே காரியாபட்டிப் பக்கமிருந்து வேற ஆளுகளைக் கூட்டியாந்துட்டாரு மொதலாளி. ஒரு குடம் தண்ணிகூட ஊத்தலையாம். எங்களுக்கு அது ஒண்ணும் தெரியாது. நான் அடுப்புல கூழு கிண்டிக்கிட்டு இருந்தேன். அவுக வாசல்ல குத்தவச்சு மண்ணைக் கீறிக்கிட்டு இருந்தாக. அப்பத்தான் புஞ்சைப் பக்கமிருந்து கேட்டுச்சு, ஒரே ஒரு வேட்டுச் சத்தம்.

அவுக நிமிந்து என்னையப் பார்த்தாக.

"நாலு"ன்னாக.

அகப்பையைப் போட்டுட்டு ஓடினேன். துளையைக் கம்பியால நோண்டும்போது வெடிச்சிருக்கு. இறங்கின ஆளை மேல ஏத்திக் கிடத்தி வேட்டியால மூடியிருந்தாக. எல்லாம் தலைவிதின்னு சொல்லிக்கிட்டு மொதலாளி தள்ளி நின்னாரு. விதியாமில்ல, விதி! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு பிடி மண்ணை அள்ளி அவரு மூஞ்சியில வீசியிருப்பேன். ஆனா செத்தவரு பொண்டாட்டி அங்க உக்காந்திருந்தா. சின்ன வயசு. மொத ஆளா நின்னு வடம் புடிச்சு இறக்குனது அவதானாம். உள்ளங்கை ரெண்டும் உரிஞ்சு கிடந்துச்சு. அழுகக்கூட இல்லை.

நேத்து வடம் புடிக்க மாட்டோம்னு சொல்லிட்டுப் போனது இந்த அக்கா கூட்டந்தான்னு யாரோ அவகிட்டச் சொன்னாக. அவ மெதுவாத் திரும்பி என்னையப் பார்த்தா. திட்டப்போறான்னு நெனைச்சுப் பக்கத்துல போயி உக்காந்தேன். அவ என் கையைப் புடிச்சுக்கிட்டு, கோபமே இல்லாமக் கேட்டா:

"யக்கா, புடிக்க மாட்டேன்னு சொல்லலாமாக்கா? அப்படிச் சொல்லலாம்னு எனக்குத் தெரியாமப் போச்சே."