செல்விக்கு எடுத்த ஜெராக்ஸ்

அண்ணன் மகள் நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தோழி வந்து கதவைத் தட்டினாள். இவள் கட்டிலில் விரித்துப் போட்டிருந்த புத்தகங்களை அள்ளித் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, கையில் போனோடு போய்க் கதவைத் திறந்தாள்.

"நான் இன்னும் பிசிக்ஸைத் தொடவே இல்லடி."

மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். தோழி போன பிறகு, ஏன் கண்ணு இப்படி என்று கேட்டேன். "இதுவும் ஒரு ஸ்ட்ராட்டஜிதானுங்க அத்தை. அவ மட்டும் உண்மையவா சொன்னா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, மெஷினிலிருந்து சூடாக வந்து விழுகிற காகிதத்தின் வாசனையும் எங்கிருந்தோ வந்தது. பிளஸ் டூவுக்கு மேல் நான் படிக்கவில்லை. கல்லூரி நுழைவுத் தேர்வைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், உக்கடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மெஷின் ஓட்டிய மூன்று வருடங்களில் கண்ணில் பட்டதுதான்.

கடைக்கு மேலே மாடியில் டியூஷன் சென்டர். மருத்துவத்துக்கும் இன்ஜினியரிங்குக்கும் மாநில அரசே நுழைவுத் தேர்வு வைத்த காலம் அது. அங்கே படித்த பிள்ளைகளின் நோட்டுகள் எல்லாம் என் கை வழியாகத்தான் போயின. உயிரியலை முதலில் முடி, இயற்பியலைக் கடைசிக்கு வை. கணக்கைப் போட்டுப் பார்க்க நேரமில்லையென்றால், விடைகளின் அலகைப் பார்த்துப் பொருந்தாததைத் தள்ளு. இரண்டு விடைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருந்தால், அந்த இரண்டில் ஒன்றுதான் சரி. படித்துப் படித்து எனக்கே மனப்பாடம். எழுதத்தான் பரீட்சை இல்லை.

அந்தப் பிள்ளைகளைப் போல யாரையும் சந்தேகப்படுகிறவர்களை நான் பார்த்ததில்லை. ஒருவர் நோட்டு மெஷினில் இருந்தால் அடுத்தவர் எட்டிப் பார்ப்பார், நோட்டுக்காரர் முதுகால் மறைப்பார். சரியாக விழாத காப்பியை அவர்கள் கண் முன்னால் கிழித்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். பெற்றோர்கள் அதற்கும் மேலே. "ஏனுங் பாய், கூட ஒரு காப்பி எடுத்து வெச்சுக்க மாட்டீங்கல்ல?" என்று ஒருவர் முதலாளியைக் கேட்டார். "எடுத்து வெச்சு என்னங்க பண்றது? இந்த வயசுல டாக்டருக்கா படிக்கப்போறேன்?" என்றார் பாய். கேட்டவர் சிரிக்கவில்லை. கடைசிக் காகிதம் வரை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நாள் முழுக்க இதற்கு நடுவில் நின்றால் நமக்கும் தொற்றிக்கொள்ளும் இல்லையா? எனக்குத் தொற்றியது. வாய் திறந்து பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு, பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை.

ஸ்டெல்லாவும் செல்வியும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்ச். ஸ்டெல்லா மாடியில் டியூஷன் படித்தாள். செல்வி கிணத்துக்கடவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள், டியூஷன் இல்லை. வாரம் ஒரு முறை ஸ்டெல்லா தன் நோட்டைக் கொண்டுவந்து ஒரு காப்பி எடுக்கச் சொல்லிவிட்டுப் போவாள். சாயங்காலம் செல்வி வந்து வாங்கிக்கொள்வாள். சில நாள் இரண்டு பேரும் சேர்ந்து வந்து, ஒரே பக்கத்தில் தலை கவிழ்ந்து சண்டை போடுவார்கள். "லூசு, இது வோல்ட் இல்ல, ஓம்டி!" "நீதான்டி லூசு, கேள்விய மறுக்காப் படி!" அந்தக் கடையில் நோட்டை மறைக்காதவர்கள் அவர்கள் இருவர்தான்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஸ்டெல்லா வந்தாள். "அக்கா, ஒயிட்னர் இருக்குங்களா?" என்று வாங்கி, இயற்பியல் பக்கத்தில் ஏழு விடைகளை அழித்தாள். ஊதிக் காயவைத்து மேலே வேறு எண்களை எழுதினாள். "செல்விக்குங்க்கா, ஒரு காப்பி" என்று நோட்டை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

தோழிக்குக் கொடுப்பதற்கு முன்னால் எதற்கு விடையை மாற்ற வேண்டும்? ஏன் என்று அவளையே கேட்டிருக்கலாம். ஆனால் நான் கேட்கிற ஆளில்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகத் தூக்கிப் பிடித்தேன். ஒயிட்னருக்கு அடியில் இருந்த பழைய எண்கள் இடம் வலம் மாறித் தெரிந்தன. காப்பியில் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் அவற்றைப் பென்சிலால் எழுதி வைத்தேன்.

சாயங்காலம் செல்வி வந்தாள். கடையில் யாரோடும் பேசாத நான் அன்றைக்குப் பேசினேன்.

"அம்மணி, இந்த ஏழும் இங்க வெச்சு அழிச்சு மாத்தி எழுதினதாக்கும். பென்சில்ல இருக்கறதுதான் முதல்ல இருந்தது. பாத்துக்க."

"ஸ்டெல்லாவா மாத்துனா?"

தலையாட்டினேன். அவள் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். ஒரு பிள்ளையின் டாக்டர் படிப்பைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு ரொம்பப் பெருமை.

தேர்வு முடிந்த மறுநாள் செல்வி வந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கேள்விகள் அப்படியே வந்திருந்தனவாம். "நீங்க எழுதிக் குடுத்ததையேதானுங்க்கா ஷேட் பண்ணிப்போட்டேன். நீங்க சொல்லலீன்னா ஏமாந்திருப்பேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஸ்டெல்லா வந்தாள். பேப்பரில் வந்த விடைப் பட்டியலைக் காப்பி எடுக்கச் சொன்னாள்.

"பாருங்க்கா, ரெண்டு கேள்வி நம்ம நோட்ஸ்ல இருந்தே வந்துருக்கு. சார் அவசரத்துல போர்டுல ஏழு விடையத் தப்பா எழுதிப்போட்டாரு. நான் ரெண்டு நாள் புக்கைத் தேடிக் கண்டுபுடிச்சேனுங்க. நல்லவேளை, செல்விக்குத் திருத்திக் குடுத்துட்டேன்."

நான் மெஷின் மூடியைத் திறந்து தாளை வைத்தேன். நேராக இல்லையென்று எடுத்துத் திரும்ப வைத்தேன்.

"அவதானுங்க்கா ஏன்னே தெரியல, பேச மாட்டீங்கறா. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளுங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

செல்விக்கு மருத்துவம் கிடைக்கவில்லை. கொஞ்சத்தில் போய்விட்டது என்று அவள் அப்பா பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு கேள்வியால்தான் என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. இல்லை என்று சொல்ல மனமில்லை.

சில வருடங்களில் அரசு அந்த நுழைவுத் தேர்வையே எடுத்துவிட்டது. டியூஷன் சென்டர் காலியானது. பாய் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். நோட்டைப் படம் பிடித்து அனுப்பிவிடுவதால், நடுவில் ஒரு ஆள் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நல்லதுதான். இவையெல்லாம் தானாகப் போனவை. அந்த இரண்டு பிள்ளைகள் ஒரே பக்கத்தில் தலை கவிழ்ந்து போட்ட சண்டை மட்டும் தானாகப் போனதில்லை.