ஒத்தப்படை வளையல்

போன வாரம் அண்ணன் மகளுக்கு மண்டபத்தில் வளைகாப்பு. கூட வேலை பார்க்கிற பெண்களைக் கூப்பிட்டாயா என்று மெதுவாகக் கேட்டேன். "ஜெனிபரைக் கூப்பிடலை அத்தை. அவங்க வேற, வந்தா சங்கடப்படுவாங்க" என்றாள். எனக்கு வாதாட வராது. சந்தனக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாசனை என்னைக் காளவாசல் தையல் கடைக்குக் கொண்டுபோய்விட்டது. எண்பதுகளின் தொடக்கம். பள்ளிச் சீருடைக்குப் பித்தான் கட்டுவது என் வேலை. அதையும் கோணலாகத்தான் கட்டுவேன். பக்கத்து மிஷினில் ரோஸ்மேரி. ஏழு மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. தாயும் இல்லை.

"எனக்கும் கை நிறைய வளையல் போடணும் போல இருக்குக்கா" என்று ஒருநாள், கடையில் எங்களுக்கெல்லாம் மூத்தவளான பாண்டியம்மாக்காவிடம் சொன்னாள். "எங்க அத்தைக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடமாட்டாக. அது உங்க சாமி சடங்குன்னுவாக."

"வளையல்ல என்னடி சாமி? வெறும் கண்ணாடி."

மறுநாள் மத்தியானம் மிஷின்களை ஒதுக்கித் தட்டு வைத்தோம். சந்தனம், குங்குமம், வேப்பங்குச்சியை வளைத்துச் செய்த காப்பு. ஊர்க்கதை பேசிக்கொண்டே பாண்டியம்மாக்கா வளையலை ஏற்றினாள். திரும்பிப் பார்த்தால், வாசலில் தூக்குவாளியோடு ரோஸ்மேரியின் மாமியார். மருமகளுக்குச் சுடுசோறு கொண்டுவந்திருந்தார்.

ரோஸ்மேரி கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்த அம்மா குங்குமத்தை ஒற்றை விரலால் தள்ளி வைத்தார். வேப்பங்காப்பை எடுத்தார். "இது எதுக்கு?"

"அம்மை கண்டா உங்க வாசல்லயும் வேப்பிலை சொருகுவீகள்ல, அதுக்குத்தான்" என்றாள் பாண்டியம்மாக்கா.

அந்த அம்மா காப்பைத் தட்டிலேயே வைத்தார், குங்குமத்தின் பக்கம் இல்லாமல் சந்தனத்தின் பக்கமாக.

"கையைக் காட்டு."

உடைக்கப் போகிறார் என்றே நினைத்தேன். ரோஸ்மேரி நீட்டிய கைகளில் வளையல்கள் உரசிச் சத்தம் போட்டன. அந்த அம்மா குனிந்து, உதடு அசைய எண்ணினார்.

"ரெண்டு கையிலயும் ஒண்ணு போல போட்டிருக்கீக. வெளங்குமா? ஒரு கைக்கு ஒண்ணு கூட வச்சு ஒத்தப்படையாத்தான் போடணும். இதுகூடத் தெரியாம வளையல் போட வந்துட்டாளுக."

ஒரு வளையலை எடுத்துத் தானே ஏற்றினார். கண்ணை மூடி முணுமுணுத்து மருமகள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார். "பொட்டு மட்டும் வேணாம்" என்றார். பாண்டியம்மாக்கா குங்குமக் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்தாள்.

அண்ணன் மகளின் கை வளையல்களை எண்ணிப் பார்த்தேன். இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தன. அதைச் சொல்லிச் சண்டை பிடிக்க மண்டபத்துக்கு அந்த அம்மா மாதிரி யாரும் வரவில்லை.