தோற்ற ஆட்டங்களில் என் இடம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பல்லடத்தில் அடுத்தவர் தறியில் கூலிக்கு நின்றவன், தொண்ணூறுகளில் சொந்தமாகவே விசைத்தறிக் கூடம் போட்டேன். எங்கள் வீதியில் முதல் கலர் டிவியும் என் வீட்டில்தான் வந்து இறங்கியது. சந்தேகமிருந்தால் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அந்த டிவியில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தைக்கூட நான் உருப்படியாகப் பார்த்ததில்லை. காரணம் என் வீட்டுக்காரி.

நாடே தலையில் வைத்துக் கொண்டாடிய பேட்ஸ்மேன் ஒருவன் அப்போது இருந்தான். அவன் படத்தைப் பேப்பரிலிருந்து கத்தரித்துச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். ஒருநாள் சாப்பிட்டுவிட்டு நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்த பந்திலேயே அவன் அவுட். அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. அதோடு என் கதை முடிந்தது.

“ஏனுங்க, நீங்க சித்த தறிக்குப் போங்க. அவன் நின்னு ஆடட்டும்.”

“ஏம்புள்ள, டிவி வாங்குனது நானா, அவனா?”

“வாங்குனது நீங்கதானுங்க. வந்து உக்காந்து அவன அவுட்டாக்கறதும் நீங்கதானுங்க.”

அத்தனை பேரை வேலை வாங்குகிற நான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போவேன். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. தறிக்காரர்கள் கையாலேயே பேசிக்கொள்வோம். அவளும் தறி ஓட்டியவள்தான். முற்றத்துக்கு அந்தப் பக்கம், வீட்டு வாசல்படியில் வந்து நிற்பாள். நாலு விரல் காட்டினால் ஃபோர். இரண்டு கையையும் தூக்கினால் சிக்ஸர். நூல் அறுந்துவிட்டது என்பதற்கு இரண்டு விரலைக் கத்தரிபோல வெட்டிக் காட்டுவோம். அதைக் காட்டினால் அவுட். அவளைப் பார்த்தபடியே நின்று, தறியில் ஓடுகிற பாவு நூலை எத்தனையோ தடவை கெடுத்திருக்கிறேன்.

அவன் நூறு அடிக்கட்டும், அடிக்காமல் போகட்டும். எனக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் விக்கெட்டெல்லாம் மளமளவென்று விழுந்தது. படியில் வந்து நின்றவள், விரல் எதுவும் காட்டாமல் கையசைத்து என்னைக் கூப்பிட்டாள்.

“ஆட்டம் கைய உட்டுப் போச்சுங்க. இனி நீங்க வந்து உக்காரலாமுங்க.”

கட்டிலில் ஒதுங்கி இடம் விட்டாள். கடலைத் தட்டை என் பக்கம் தள்ளினாள். அவள் முகம் தொங்கிப் போயிருந்தது. எனக்கோ புதுத் தறி வந்து இறங்கிய அன்றைக்குக்கூட அத்தனை சந்தோஷம் இருந்ததில்லை. அதற்கப்புறம் நம்மாட்கள் தோற்கிற நாளெல்லாம் கட்டிலில் எனக்கு இடம் கிடைத்தது.

அவள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது சுவர் அகலத்துக்கு டிவி, சாய்ந்து படுக்கிற சோபா, எல்லாம் என் சம்பாத்தியம். ஆனாலும் ஆட்டம் சூடு பிடித்தால் கால் தானாக வெளியே போய்விடுகிறது. தறிகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம்; முற்றத்தில் சத்தமே இல்லை. அங்கே நின்று வாசல்படியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் மருமகள் படிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

“மாமா, அங்க என்னங்க பண்றீங்க? ஜெயிக்கப் போறோம், வந்து பாருங்க.”

“நீ பாரு அம்மணி. தோக்கற மாதிரி இருந்தா கூப்புடு, வாரேன்.”