ராப்ஸ் வயலில் படப்பிடிப்பு

ஓல்டன் நகருக்கு வெளியே ஒரு சுவிஸ் விவசாயியின் பண்ணையில் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் வேலை செய்தார். புருவங்களில் மஞ்சள் மகரந்தம் ஒட்டியிருந்தது. இலையுதிர் காலத்தில் விதைத்து வசந்தத்தில் மஞ்சளாகப் பூக்கும் ராப்ஸ் என்ற கடுகின எண்ணெய்ப் பயிர் அவர் பொறுப்பு. பொரித்தாலும் எளிதில் கெடாத, உடம்புக்கு நல்ல எண்ணெய் தரும் தனி இனம். விளைச்சல் குறைந்தால் இனி விதைப்பதில்லை என்று முதலாளி சொல்லியிருந்தார். அதனால் முறிந்த தண்டைக் கண்டால், நிற்காது என்று தெரிந்தும், நிமிர்த்திப் பார்ப்பார்.

பத்திரிகைச் செய்திக்காக அவரைப் பார்க்க நான் போன அன்று, பூப்புனித நீராட்டு விழாவுக்குப் பட்டுச்சேலை கட்டிய சிறுமியோடு ஒரு தமிழ்க் குடும்பம் வயலின் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"இறங்கக்கூடாதெண்டு பலகை போட்டிருக்கெல்லோ? வாசிக்கேல்லையோ?" என்று அவர் கத்தினார்.

"வாசிச்சனாங்கள் அண்ணை. ஜெர்மனிலை கிடந்தது. வெள்ளையளுக்கெண்டு நினைச்சம்," என்றார் தாய். "பிள்ளைக்குச் சாமத்திய வீடு. ரெண்டு படம்தான்."

"உங்கட சட்டிக்கு வாற எண்ணெய் இது. அதையே மிதிக்கிறியள்!"

சமாதானமாகத் தாய், விழாவுக்குப் பொரித்த ரோல்ஸ் பலகாரத்தை நீட்டினார். அவர் கடித்துப் பார்த்தார்.

"என்ன எண்ணெயிலை பொரிச்சனீங்கள்?"

"பாம் ஒயில் அண்ணை. அதுதான் மலிவு."

ஏசிக்கொண்டே அதை முடித்து, இன்னொன்றும் எடுத்தார். பிறகு அவர்கள் நடந்த வழியெல்லாம் குனிந்து தண்டுகளை நிமிர்த்தத் தொடங்கினார். அந்தக் கோபம் மிதித்ததற்கா, பாம் ஒயிலுக்கா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.