உப்பில்லாத மீன் குழம்பு

ஞாயிறு, பகல் ஒன்றரை மணி. வாசலில் முதலில் தெரிந்தது அத்தையின் புடவைக் கரை. உப்புப் பூத்து விறைத்திருந்தது. அப்பாவின் தங்கை அவர். உப்பளத்திலிருந்து திரும்பி, அவசரமாகச் சமைத்து, மீன் குழம்பைத் தூக்கில் கொண்டு வந்திருந்தார். அம்மாவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தெரிந்த பிறகு எங்கள் மதியச் சோறு அவர் பொறுப்பு.

நரம்பின் உறையை அரிக்கும் நோய். வெயில் ஏறினால் அம்மாவின் கால்கள் மரத்துவிடும். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியின் கீழ் படுக்க வைத்திருந்தோம். அவரது பேச்சு குறைந்தது. தலை வாருவது நின்றது. கால் வராதவளுக்குச் சிரிப்பா வரும் என்று ஊரும் நாங்களும் ஒத்துக்கொண்டோம்.

முதல் கவளத்திலேயே அப்பா நிமிர்ந்தார். "ஏம்மா, நாளெல்லாம் உப்பு வார்றவளுக்கு ஒரு கல்லு உப்பு கெடைக்கலியா?"

நான் சிரித்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்த அத்தை, அம்மாவின் தட்டைப் பார்த்து நின்றார். பாதி காலி. உப்பு சற்றுக் குறைந்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிறவர் அம்மா. அந்த விஷயத்தில் அத்தைக்கு அவரிடம் பயம் உண்டு.

"அண்ணி, உப்பே போடல. ஏன் சொல்லல?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சேவா சாப்புட்ட?"

"எப்டி இருந்தா என்னா. நானே இருந்தா என்னா, இல்லாட்டி என்னா."

அத்தை சமையலறைக்குப் போய் அழுதார். நான் பின்னாலேயே போய், "கொழம்பு நல்லாத்தான் இருக்குது அத்தை" என்று தேற்றினேன். என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் அழுதார். என் பொய் எடுபடவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் அத்தை அம்மாவைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் வழக்கம்போல் முழங்காலைத் தட்டிப் பார்த்தபோது, "காலு கெடக்கட்டும் சார். இவங்களுக்கு வாழவே புடிக்கல, அத மொதல்ல பாருங்க" என்றாராம் அத்தை. மனச்சோர்வும் இந்த நோயோடு வரக்கூடியது, அதற்குத் தனி வைத்தியம் உண்டு என்றார் டாக்டர். மாத்திரைகள் கொடுத்தார், மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார். பலன் தெரிய மாதங்கள் ஆயின. ஒரு காலையில் அம்மா ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

கால்கள் இன்றும் அப்படியேதான். அம்மா எங்களோடு இருக்கிறார் என்றால் அத்தையால்.

உப்பு வாரும் பருவத்தில் ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிட்டாலும் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கோடை முழுவதும் அத்தை தூரத்து உப்பளம் ஒன்றுக்கு நடந்து போனார்.