இடது காதில் ஒரு துளை

என் கல்யாணச் சீரில் பீரோ, கட்டில், கிரைண்டர், பித்தளை அண்டா, இவற்றோடு ஒரு நாயும் இருந்தது. சிரிக்காதீர்கள். எங்கள் கரிசல்காட்டுப் பக்கம் கன்னி என்கிற வேட்டை நாய்ச் சாதியை வளர்க்கிற வீடுகளில் அதை விற்கமாட்டார்கள், பெண்ணோடு சீராக அனுப்புவார்கள். கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேலே ரெண்டு செம்பழுப்புப் பொட்டு, ஒட்டிய வயிறு, நீளக் கால். சீர் டெம்போ கிளம்பும்போது அப்பா எனக்கு ஒரு புத்தியும் சொல்லவில்லை. நாயைப் பற்றி மட்டும் ரெண்டு சொன்னார். "கண்ட நாயோட சேர விட்றாத. முதல் ஈத்துல ஒரு பொட்டக்குட்டி நம்ம வீட்டுக்குத் திரும்ப வந்துரணும்."

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் வார்ப்படம் செய்கிற ஆலை ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வெயிலிலேயே வளர்ந்த எங்கள் நாய்க்கு மார்கழிக் குளிர் ஆகவில்லை, வெடவெடவென்று நடுங்கினாள். இவருடைய பழைய யூனிஃபார்ம் சட்டையை வெட்டி அவளுக்கு ஒரு மேல்சட்டை தைத்துப் போட்டேன், பாக்கெட் சகிதம். தெருவில் போகிறவர்களெல்லாம் "என்ன, ஃபர்ஸ்ட் ஷிஃப்டா?" என்று அவளைக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா மட்டும் அவள் விலா எலும்பைப் பார்த்துப் பார்த்து, "ஊட்டா ஹாக்கல்வா?" என்பார். சோறு போடவில்லையாம்! என்னைப் பார்த்து! எனக்கு வந்ததே கோபம். "எங்க நாய் ஓடப் பிறந்தது. உங்க வீட்டுப் பொமரேனியன் மாதிரி சோபாவில் உக்காரப் பிறக்கலை" என்று பொரிந்து தள்ளினேன். அவருக்குத் தமிழ் பாதிதான் புரிந்தது. மறுநாள் பாவம் பார்த்து ஒரு ராகி உருண்டை கொண்டுவந்து வைத்தார். எங்கள் மானங்கெட்டவள் அதை லபக்கென்று விழுங்கி வாலை ஆட்டினாள்.

அப்பாவின் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வெளியே கொடுத்த ஆண் குட்டி ஒன்று வளர்ந்து, யாருக்கும் அடையாளம் தெரியாமல் திரும்ப எங்கள் வீட்டுப் பெட்டையோடேயே சேர்க்கப்பட்டது. அண்ணனும் தங்கையும். பிறந்த ஐந்தில் இரண்டு செவிடு, ஒன்று குருடு, மற்ற இரண்டும் ஒரு வாரம் தாண்டவில்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் நாய்க்குட்டிகளுக்குக் காதுகுத்து வந்தது. இடது காதோரம் ஊசியால் ஒரே ஒரு துளை, மேலே மஞ்சள், கூடியிருப்பவர்களுக்கு வெல்லம் கலந்த பச்சரிசி. எந்த ஊருக்குப் போனாலும் எங்கள் ரத்தம் என்று அந்தத் துளை சொல்லிவிடும்.

கல்யாணமாகி நாலாம் வருஷம் அப்பா போன் செய்தார். ஊரிலிருந்த எங்கள் நாயின் தாய் பாம்பு கடித்துச் செத்துப்போய்விட்டது. "உங்கிட்ட இருக்கவதாந்தா மிச்சம்" என்றார். பிறகு, "நாயில்லாத வீடு வீடாவே இல்லத்தா" என்றார். மூக்கை உறிஞ்சினார். அழாத மனுஷன். போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து நான் அழுதேன். இவளுக்கும் வயசு ஏறிக்கொண்டிருந்தது. ஓசூரில் லேப்ரடார் கிடைக்கும், அல்சேஷன் கிடைக்கும், கன்னிக்கு மாப்பிள்ளை எங்கே கிடைக்கும்?

தளியிலிருந்து வேலைக்கு வரும் இவருடைய சிநேகிதர் ஒருவர்தான் துப்புக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனோம். முட்டைக்கோஸ் தோட்டத்து நடுவே நின்றான் பாருங்கள் ஒருத்தன்! அந்த நெஞ்சும் அந்த நிமிர்வும், ராஜா தோற்றான். தோட்டக்காரர் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற கலகலப்பான மனுஷர். எனக்கு அங்கேயே மனசு முடிந்துவிட்டது. கையோடு கொண்டுபோயிருந்த வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினேன். நாய்க்குத் தாம்பூலமா என்று அவர் சிரிக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டு முறையாக மாற்றிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் சும்மா இருந்தால்தானே. அவர் ஆலையில் ஒவ்வொரு பீஸிலும் பேட்ச் நம்பர் குத்தியிருக்கும். ஒன்று விரிசல் விட்டால் எந்த உலையில் எந்த நாள் ஊற்றியது என்று பின்னாலேயே போய்ப் பிடித்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில், "இவன் எங்கேருந்து வந்தாங்க?" என்று ஆரம்பித்தார். குருபரப்பள்ளி பஞ்சர் கடைக்காரர் கொடுத்தாராம். அவருக்கு யாரோ பருத்தி லாரிக்காரர் கொடுத்தாராம். "லாரிக்காரர் எந்த ஊரு?"

"மாப்பிள்ளை பார்க்க வந்த இடத்துல குறுக்கு விசாரணையா?" என்று அவரை அடக்கினேன்.

அப்போது அந்த வீட்டம்மா அவன் நெற்றியில் குங்குமம் வைக்கத் தலையைத் திருப்பினார். இடது காதோரத்தில் ஒரு துளை.

பார்த்தேன். இவரும் பார்த்துவிட்டு, "அது என்ன?" என்றார்.

"உண்ணி கடிச்ச தழும்பு" என்றேன். வாய் கூசவில்லை. தளி முழுக்க உண்ணி இருக்காதா, தழும்பு இருக்காதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே, அதனால் கேட்கவில்லை.

ரெண்டு வாரத்தில் எங்களவள் பருவத்துக்கு வந்தாள். பதினோராம் நாள், மேல்சட்டை போட்டு, நெற்றியில் பொட்டு வைத்து, தளி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனோம். தோட்டத்தில் விட்டதும் ரெண்டும் ஒன்றை ஒன்று மோந்து பார்த்தன. அவன் ஒரு வட்டம் அடித்து நின்று, முன்னங்காலைத் தூக்கி இடது பக்கம் தலையைச் சாய்த்தான். இவளும் தலையைச் சாய்த்தாள். அதே பக்கம், அதே சாய்ப்பு. செத்துப்போன அவர்கள் அம்மாவும் அப்படித்தான் சாய்ப்பாள். எனக்கு அந்தக் குருட்டுக் குட்டி ஞாபகம் வந்துவிட்டது. முலைக்காம்பு தெரியாமல் சாக்கை முட்டிக்கொண்டே இருந்தது அது.

"வேண்டாம்! பிடிங்க, பிடிங்க!" என்று கத்தி ஓடிப்போய் அவள் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "அது உண்ணித் தழும்பு இல்லை. எங்கப்பா குத்தின துளை. தெரிஞ்சும் பொய் சொல்லிட்டேன்."

இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தோட்டக்காரரின் செல்போனிலேயே அப்பாவைப் பிடித்தோம். ஆமாம், பருத்தி ஏற்ற வந்த டிரைவர் ஆசைப்பட்டுக் கேட்டார், இவளோடு பிறந்த ஆண் குட்டியைக் கொடுத்தேன் என்றார். தாம்பூலம் மாற்றிய இடத்தில் இப்படி ஆகிவிட்டதே, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை வரும் என்று நான் தலையைக் குனிந்து நின்றேன்.

தோட்டக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ தேவரே, அண்ணா தங்கியா!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். பிறகு இடிஇடியென்று சிரித்தார். "சம்பந்தி ஆகல. ஆனா என் பையன் உங்கப்பா வீட்டுப் பிள்ளை. அப்படின்னா இவளுக்கு நான் அண்ணன் வீட்டுக்காரன். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிறது எங்க பொறுப்பும்மா."

சொன்னதோடு விடவில்லை. அங்கே இங்கே போன் போட்டு, பேரிகைப் பக்கம் மாந்தோப்பு ஒன்றில் கன்னி ஆண் இருப்பதைக் கண்டுபிடித்தார். பருவம் போய்விடும், நாள் இல்லை. மறுநாள் காலையில் முட்டைக்கோஸ் டெம்போவிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு போனார். மூட்டைகளுக்கு நடுவே எங்கள் கல்யாணப்பெண் மகாராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள்.

இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. இவர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு அப்பன் எங்கே, ஆத்தா எங்கே, பாட்டி யார் வீடு, கூடப்பிறந்ததில் செவிடு உண்டா என்று கேட்டு எழுதினார். அந்த நாயின் பின்னால் போய் நின்று கையைத் தட்டினார். காதை மடக்கிப் பார்த்தார். துளை இல்லை. தோப்புக்காரர் நொந்துபோய், "சார், பொண்ணு குடுக்க வந்தீங்களா, கேஸ் போட வந்தீங்களா?" என்றார். ஆனால் கேட்டதற்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தது. மூணு தலைமுறைக்குத் திருநெல்வேலிப் பக்கத்து வேறு வீட்டு ரத்தம்.

அறுபத்து மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக் குளியலறையில் ஐந்து குட்டி. ஆண், ஆண், ஆண், ஆண். நான் முருகனோடு சண்டைக்கே போய்விட்டேன். ஐந்தாவது பெண். எதிர்வீட்டு அம்மா ஓடிவந்து குலவை போட்டார், நான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

குட்டிகள் பால்குடி மறந்த பிறகு, காதுகுத்துக்கு அப்பாவே பஸ் ஏறி வந்தார். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்தவேண்டும்? தளியிலிருந்து தாய்மாமன் டெம்போவில் வந்து இறங்கினான், கழுத்தில் சாமந்தி மாலை, கூடவே தோட்டக்காரரின் மூணு தட்டுச் சீர். தெருவே கூடிவிட்டது. அப்பா குட்டிகளைப் பார்க்கவே இல்லை. நேரே அவனிடம் போய்க் குந்தி உட்கார்ந்து, இடது காதைப் பிரித்து, துளையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"பொய் சொல்லிட்டேன்ப்பா" என்றேன்.

"தெரியும். மாப்ள சொன்னாரு" என்றார் திரும்பாமல். "ஊசிய எடுத்துட்டு வா. நீதான் குத்தணும்."

மாமனின் முன்னங்கால்களுக்கு நடுவே குட்டியை வைத்துக் குத்தினேன். வீல் என்றது. மாமன் குனிந்து நக்கிவிட்டான்.

யூனிஃபார்ம் மேல்சட்டையில் சுற்றிய குட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு அப்பா ஊருக்குப் போனார். மறுநாள் போன் வந்தது. எடுத்தேன். கீச்சுக்குரலில் ஒரு குரைப்பு மட்டும் கேட்டது, அதற்குப் பின்னால் அப்பா சிரிக்கிற சத்தம்.

"கேட்டுச்சாத்தா? வீடு வீடா இருக்கு" என்றார்.